லைன்பேக்கர்: உடம்பு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் முடிகிறது. புள்ளிக்கணக்குக்கு வரும் முதல் ஆட்டம் செப்டம்பரில்தான். நடுவில் இருக்கும் நான்கு மாதமும் அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களுக்குப் பேசக் கிடைப்பது அளவுகள் மட்டுமே: உயரம், எடை, கை நீளம், 40 கெஜத்தை எத்தனை விநாடியில் ஓடினான். தங்கள் அணி ஒரு லைன்பேக்கரை எடுத்திருந்தால் வாக்குவாதம் இன்னும் சூடாகிவிடும். "இந்த உடம்போடு இவன் எப்படி ஒரு கார்டைத் தாங்குவான்?" என்று, எதிரணி முன்வரிசையில் முட்டி மோதும் அந்தக் கனத்த ஆட்டக்காரரை மனதில் வைத்து ஒருவர் கேட்பார். "உடம்பைப் பார்க்காதே, ஆட்டத்தைப் பார்" என்பார் இன்னொருவர். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு, யாருக்குப் பின்னால் நின்று, எந்தக் காலத்து ஆட்டத்தில் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்காமல் ஒரு லைன்பேக்கரின் உடம்பைப் பற்றி எதையும் தீர்மானமாகச் சொல்ல முடியாது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஒவ்வொரு அணியிலும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். அதைத் தடுக்கும் அணியில் முன்வரிசையில் மலை மாதிரி மூன்று நான்கு பேர் குனிந்து நிற்பார்கள். கடைசியில், பாஸ் வாங்க ஓடுபவர்களைத் துரத்தும் வேகக்காரர்கள் இருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, முன்வரிசைக்கு நாலைந்து கெஜம் பின்னால் நிற்பவர்தான் லைன்பேக்கர். எதிரணி பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் இவர் முன்னால் பாய வேண்டும். பாஸ் என்றால் பின்னால் ஓட வேண்டும். சில நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாஸ் எறியும் குவாட்டர்பேக் மேலேயே பாய வேண்டும்.

இதனால்தான் இவர் உடம்பு எப்போதும் ஒரு சமரசமாக இருக்கிறது. முன்னால் இருந்து மோத வரும் கார்டின் எடை 140 கிலோவைத் தொடும். அந்த மோதலைத் தாங்கக் கனம் வேண்டும். அடுத்த முயற்சியிலேயே பந்தோடு ஓடுவதையே முக்கிய வேலையாகக் கொண்ட 95 கிலோ ரன்னிங் பேக் ஒருவர் பக்கவாட்டில் ஓடிப்போய்ப் பாஸ் வாங்குவார், அவரைத் துரத்த லேசாக இருக்க வேண்டும். முன்வரிசைக்காரருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை, அவர்களுக்கு உடம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெளிவு. லைன்பேக்கருக்கு இரண்டு பக்கமும் இழுபறி. அதனால்தான் ரசிகர்கள் கடைசி வரிசையில் நிற்கும் கார்னர்பேக்கின் எடையைப் பற்றி இவ்வளவு சண்டை போடுவதில்லை.

வாக்குவாதம் குழம்புவதற்கு இன்னொரு காரணம், இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயர் இருப்பது. 3-4 அமைப்பில், அதாவது முன்வரிசையில் மூன்று பேரும் அவர்களுக்குப் பின்னால் நான்கு லைன்பேக்கர்களும் நிற்கும் அமைப்பில், ஓரத்தில் நிற்கும் அவுட்சைட் லைன்பேக்கரின் முக்கிய வேலை குவாட்டர்பேக்கை விரட்டுவது. 1981-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது தேர்வாக எடுத்த லாரன்ஸ் டெய்லர் இந்த வகை. ரூக்கி ஆண்டிலேயே, அதாவது லீகில் தன் முதல் ஆண்டிலேயே, சிறந்த புதுமுகத் தடுப்பாளர், லீகின் சிறந்த தடுப்பாளர் என்ற இரண்டு விருதுகளையும் வாங்கினார். 1986-ல் 20.5 சாக் எடுத்து, அதாவது அத்தனை முறை குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே பெற்றார். இன்றைய டி.ஜே. வாட்டும் இதே வழிதான். நடுவில் நின்று ஓட்டத்தை வாசித்து, பாஸைக் காக்கும் இன்சைட் லைன்பேக்கர் வேறு ஆள். முதல் வகைக்கு நீளமான கையும் வெடித்துக் கிளம்பும் முதல் அடியும் உயிர். இரண்டாம் வகைக்கு அவை கூடுதல் பலம், அவ்வளவுதான். ஒருவரின் அளவை எடுத்து மற்றவரின் வேலைக்குப் பொருத்திப் பார்த்துத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பேசப்போவது நடுவில் நிற்பவரைப் பற்றி. அவர்களுக்குள்ளும் பிரிவு உண்டு. மைக் என்று அழைக்கப்படுபவர் நடுவில் நின்று மற்றவர்களுக்குக் கட்டளை சொல்வார். வில், எதிரணியின் பலம் குறைந்த பக்கத்தில் நின்று திறந்தவெளியில் ஓடிப் பிடிப்பார். சாம், முட்டித் தடுக்கவும் பாஸ் வாங்கவும் செய்யும் டைட் எண்ட் நிற்கும் பக்கத்தில் முட்டி மோதுவார். பழைய கணக்குப்படி சாம் பெரிய உடம்புக்காரர், வில் சின்ன உடம்புக்காரர், மைக் இரண்டுக்கும் நடுவில்.

பழைய கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1965 டிராஃப்டில் மூன்றாவதாக சிகாகோ பேர்ஸ் எடுத்த டிக் பட்கஸ் 6 அடி 3 அங்குலம், 111 கிலோ. அந்தக் காலத்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே முட்டிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டத்தின் அடிப்படை, அதை நிறுத்த அவர் உடம்பு அச்சு அசலாகப் பொருந்தியது. பல ஆண்டுகளுக்கு ரசிகர்கள் மனதில் லைன்பேக்கர் என்றால் அந்த உருவம்தான். 80-களில் பயிற்சியாளர் பில் பார்செல்ஸின் ஜயன்ட்ஸ் அணியிலும் ஹாரி கார்சன், கார்ல் பேங்க்ஸ் என்று நெடிய, கனத்த ஆட்களே நின்றார்கள்.

ஆட்டம் அப்படியே நிற்கவில்லை. 1978-ல் பாஸ் வாங்க ஓடுபவரை 5 கெஜத்துக்கு மேல் தொட்டுத் தடுக்கக் கூடாது என்று விதி வந்தது. 2004-ல் அந்த விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கினார்கள். பாஸ் எறிவது எளிதானது. எதிரணிகள் மூன்று, நான்கு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தின. பதிலுக்குத் தடுக்கும் அணிகள் ஒரு லைன்பேக்கரை வெளியே அனுப்பிவிட்டு ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை, அதாவது இன்னொரு கடைசி வரிசை வேகக்காரரைக் கொண்டுவந்தன. நிக்கல் என்று பெயர். ஒரு காலத்தில் மூன்றாம் முயற்சிக்கு மட்டும் வெளியே எடுத்த நிக்கல், இன்று பெரும்பாலான அணிகளின் அன்றாட அமைப்பு. அப்படி வெளியே போனவர் யார்? அந்தப் பெரிய உடம்புக்கார சாம்தான். களத்தில் மிஞ்சியது இரண்டு பேர், அந்த இருவருமே ஓடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். இன்று நடுவில் நிற்கும் லைன்பேக்கர்களில் நிறையப் பேர் 103 முதல் 108 கிலோவுக்குள் இருக்கிறார்கள். பழைய ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலர் அந்த எடையைப் பார்த்துப் "பாவம், கடைசி வரிசைக்குச் சேஃப்டியாக அனுப்புங்கள்" என்று சொல்வார்கள்.

ஆகவே ஒரு ரூக்கியைப் பார்த்து "ஒல்லியாக இருக்கிறான்" என்று சொல்லும் ரசிகர் பெரும்பாலும் தன் இளமையில் பார்த்த ஆட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். அது இயல்புதான். ஆனால் அவர் நினைக்கும் உடம்புக்கு இன்று களத்தில் இடம் குறைவு.

சரி, இந்த அளவுகள் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற சோதனை முகாம் நடக்கிறது. 1987 முதல் அங்கேதான். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி ஆட்டக்காரர்களை வரவழைத்து உயரத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். கை நீளம், உள்ளங்கை அகலம், எடை எல்லாம் எழுதப்படும். அப்புறம் 40 கெஜ ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேல்நோக்கியும் முன்னோக்கியும் தாண்டுதல், மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுதல், 102 கிலோ எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை முறை தூக்க முடிகிறது என்ற சோதனை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களை அரைக்கால் சட்டையோடு நிறுத்தி எடை போடுவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனம் சங்கடப்படும். ஆனாலும் இந்த எண்கள் பயனற்றவை இல்லை. ஓரளவுக்கு மேல் மெதுவாக ஓடுபவரால் என்எஃப்எல்லில் லைன்பேக்கராக நிற்க முடியாது, அதை வடிகட்ட கம்பைன் உதவுகிறது. வடிகட்டிய பிறகு மிஞ்சுபவர்களில் யார் சிறந்தவர் என்று அந்த எண்களால் சொல்ல முடிவதில்லை. சிக்கல் அங்கேதான்.

வெர்னன் கோல்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். 2008-ல் நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவதாக எடுத்தவர், 121 கிலோ, சிலை செதுக்கிய மாதிரி உடம்பு. அந்த 102 கிலோ எடையை 37 முறை தூக்கினார். ஜெட்ஸில் மூன்று சீசன் ஆடினார், குவாட்டர்பேக்கை வீழ்த்தவே எடுக்கப்பட்ட அவர் ஒரு சாக் கூட எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு சியாட்டில் சீஹாக்ஸ் நான்காவதாக எடுத்த ஆரன் கரியைப் பற்றி, அந்த டிராஃப்டிலேயே தப்பாத தேர்வு என்று பரவலாகப் பேசினார்கள். கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர். உயரம், எடை, வேகம் எதிலும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது சீசன் முடிவதற்குள் சியாட்டில் அவரை ஓக்லாண்டுக்கு அனுப்பிவிட்டது. அதே 2009-ல் 15-வதாகப் போன பிரையன் குஷிங் சிறந்த புதுமுகத் தடுப்பாளர் ஆனார்.

2020-ல் அரிசோனா எட்டாவதாக எடுத்த ஐசயா சிம்மன்ஸ் இன்னும் கூர்மையான உதாரணம். 6 அடி 4 அங்குலம், 108 கிலோ, 40 கெஜத்தை 4.39 விநாடியில் ஓடியவர். அந்த உடம்பில் அந்த வேகம் அபூர்வம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் சேஃப்டியாக, ஸ்லாட் எனும் உள்பக்க ரிசீவருக்கு எதிரில், லைன்பேக்கராக எல்லா இடத்திலும் ஆடினார். இப்படிப்பட்டவர் எதையும் செய்வார் என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். நடந்தது என்ன? எந்த ஒரு இடத்திலும் நிலைத்து நின்று அதன் நுணுக்கத்தைப் படிக்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. 2023-ல் ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு ஜயன்ட்ஸிடம் கொடுத்துவிட்டார்கள். பழி அவர் மேல் மட்டும் விழக் கூடாது என்பது என் கருத்து. எதையும் செய்யக்கூடிய உடம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத அணிக்கும் அதில் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கத்தில் குள்ளமானவர்கள். சாம் மில்ஸின் உயரம் 5 அடி 9 அங்குலம். நியூஜெர்சியின் மாண்ட்கிளேர் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ஆடியவரை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கிளீவ்லாண்ட் சேர்த்து வெளியே அனுப்பியது. கனடாவின் டொராண்டோ அணியும் அனுப்பியது. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1983-ல் யுஎஸ்எஃப்எல் என்ற புது லீக் தொடங்கியபோது பிலடெல்பியா ஸ்டார்ஸில் இடம் பிடித்தார். அங்கே அவருக்குப் பயிற்சியாளராக இருந்த ஜிம் மோரா 1986-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போனபோது மில்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது வயது 27. அங்கே ரிக்கி ஜாக்சன், வான் ஜான்சன், பாட் ஸ்வில்லிங் ஆகியோருடன் அவர் நின்ற நால்வர் கூட்டணியை டோம் பேட்ரோல் என்று இன்றும் சொல்கிறார்கள். 3-4 அமைப்பின் நடுவில், கார்டுகள் நேராக வந்து மோதும் இடத்தில், கனத்த ஆள்தான் நிற்க வேண்டும் என்று பாடம் சொல்லும் இடத்தில், அந்த 5 அடி 9 அங்குலக்காரர் நின்றார். 2022-ல், ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 2005-லேயே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் எப்படிச் சமாளித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மோதலில் யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் கை ஓங்கும். 6 அடி 5 அங்குலக் கார்டு ஒருவர் 5 அடி 9 அங்குலக்காரரின் நெஞ்சுக்குக் கீழே போவது பெரும்பாடு. குள்ளமானவருக்கு அந்தச் சாதகம் பிறப்பிலேயே கிடைத்தது. ஆனால் கை குட்டை, அதனால் ஒருமுறை பிடித்துவிட்டால் உதறிக்கொண்டு வெளியே வருவது கடினம். ஆகவே பிடிபடுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர, மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். குள்ளமான லைன்பேக்கர்களில் நிலைத்தவர்கள் எல்லோரும் இப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள். 1996-ல் மயாமி ஐந்தாம் சுற்றில், 154-வதாக எடுத்த 5 அடி 11 அங்குல சாக் தாமஸ் அப்படி. 1998-ல் யாரும் எடுக்காமல் விட்ட 5 அடி 10 அங்குல லண்டன் ஃப்ளெட்சர் அப்படி. ஃப்ளெட்சர் 16 சீசனில் ஒரு ஆட்டம் கூடத் தவறாமல் 256 ஆட்டம் ஆடினார்.

இதைச் சொன்னதும் "பார்த்தாயா, உடம்பு முக்கியமே இல்லை" என்று கிளம்பிவிடக் கூடாது. வாசிக்கத் தெரியாத குள்ளமானவர்கள் பெயர் நமக்குத் தெரியாமலே போய்விட்டது. உடம்பு என்பது எத்தனை தவறுக்கு இடம் தருகிறது என்பதற்கான அளவு. நீண்ட கையும் வேகமும் உள்ளவர் அரை விநாடி தாமதமாகப் புரிந்துகொண்டாலும் எட்டிப் பிடித்துவிடுவார். அது இல்லாதவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்த வாசிப்பு என்பது மந்திரமில்லை, தனியாக எடுத்துப் பார்க்கக்கூடிய வேலை. பந்து கைமாறும் நொடியில் லைன்பேக்கர் பந்தைப் பார்ப்பதில்லை. தன் முன்னால் இருக்கும் கார்டைப் பார்க்கிறார், அவர் வழியாக ரன்னிங் பேக்கையும் பார்க்கிறார். கார்டின் ஹெல்மெட் தாழ்ந்து முன்னே வந்தால் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால் பந்தும் அந்தப் பக்கம் போகப்போகிறது. இந்த விதிகளை ஏமாற்றத்தான் எதிரணி நாள் முழுக்க உட்கார்ந்து திட்டம் போடுகிறது. இன்றைய பெரிய தலைவலி ஆர்பிஓ, அதாவது ஓட்டமா பாஸா என்பதைக் கடைசி நொடியில் முடிவு செய்யும் தந்திரம். முன்வரிசை ஓட்டத்துக்குத் தயாராவது போலவே முன்னே வரும், ஆனால் குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த லைன்பேக்கர் முன்னால் வந்தால் அவர் விட்ட இடத்தில் பாஸ், நின்றால் ஓட்டம். எதைச் செய்தாலும் தவறு.

கல்லூரியிலிருந்து வரும் ரூக்கியை எடைபோடுவது கடினமானதற்கு இதுவும் காரணம். கல்லூரி விதிப்படி பாஸ் எறியும்போது முன்வரிசைக்காரர் 3 கெஜம் வரை முன்னே போயிருக்கலாம். என்எஃப்எல்லில் 1 கெஜம்தான். ஆகவே கல்லூரியில் கார்டைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறும் வாய்ப்பு அதிகம், பையன்கள் தயங்கி நிற்கப் பழகிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் படத்தில் பார்க்கும் ரசிகர் "இவனுக்கு உணர்வே இல்லை" என்கிறார். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடியே அவர் நின்றிருக்கலாம்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க 2018 டிராஃப்டைப் போல நல்ல உதாரணம் இல்லை. அந்த ஆண்டு நடுவில் ஆடும் லைன்பேக்கர்கள் வரிசையாகப் போனார்கள். எட்டாவதாக சிகாகோவுக்கு ரோக்வான் ஸ்மித், 6 அடி 1 அங்குலம், 107 கிலோ. 16-வதாக பஃபலோவுக்கு ட்ரமெய்ன் எட்மண்ட்ஸ், ஏறக்குறைய 6 அடி 5 அங்குலம், 115 கிலோ, அன்று வயது 19. 19-வதாக டல்லஸுக்கு லெய்ட்டன் வாண்டர் எஷ், 6 அடி 4 அங்குலம், 116 கிலோ. 22-வதாக டென்னசிக்கு ரஷான் எவன்ஸ். இரண்டாம் சுற்றில் 36-வதாக இண்டியானாபொலிஸுக்கு டேரியஸ் லெனர்ட். மூன்றாம் சுற்றில் 70-வதாக சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஃப்ரெட் வார்னர்.

உடம்பை மட்டும் வைத்து ஓட்டுப் போடச் சொன்னால் எட்மண்ட்ஸ் முதலிடம். 19 வயதில் அந்த நீளமும் அந்த ஓட்டமும் இருந்தால் 23 வயதில் என்ன ஆவார் என்ற கனவு யாருக்கும் வரும். அவர் மோசமாகவும் ஆடவில்லை. அந்தந்த ஆண்டின் சிறந்தவர்களுக்கான ப்ரோ பவுலுக்கு இரண்டு முறை தேர்வானார், 2023-ல் சிகாகோவிடம் நான்கு ஆண்டுக்கு 72 மில்லியன் டாலர் ஒப்பந்தம் வாங்கினார். நடுவில் பாஸ் எறியும் பாதையில் அவர் கை போய் நின்றாலே குவாட்டர்பேக் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் முன்னால் பாய்ந்து மோதும் வேலையில், தாழ்ந்து போவது அந்த உயரத்துக்குச் சிரமம். பஃபலோ ரசிகர்கள் வருஷக்கணக்கில் அவரைப் பற்றிச் சண்டை போட்டதற்குக் காரணம், ஒரே உடம்பு இரண்டு வேலையில் இரண்டு விதமாகத் தெரிந்ததுதான்.

லெனர்டின் கதை வேறு. சவுத் கரோலினா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி, ஒல்லியான உடம்பு, ஆனால் கை அசாதாரண நீளம். அவரை எடுத்தது தவறு என்று கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. ரூக்கி சீசனில் 163 டேக்கிள் எடுத்து, அதாவது பந்தோடு ஓடியவர்களை அத்தனை முறை வீழ்த்தி, லீகிலேயே முதலிடம், சிறந்த புதுமுகத் தடுப்பாளர் விருதும் அவருக்கே. 2021-ல் எதிரணியின் கையிலிருந்து 8 முறை பந்தைத் தட்டிவிட்டார், அதிலும் லீகில் முதலிடம். அந்த நீண்ட கை எங்கே பயன்பட்டது பாருங்கள். "ஒல்லி" என்று சொன்னவர்களின் கண் தோள்பட்டையில் நின்றுவிட்டது, கையைப் பார்க்கவில்லை.

வார்னர் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பாதி லைன்பேக்கர், பாதி சேஃப்டி மாதிரியான வேலையில் இருந்தவர். நடுவில் நின்று கட்டளை சொல்லும் அனுபவம் அங்கே இல்லை. அதனால் மூன்றாம் சுற்று வரை காத்திருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ முதல் ஆண்டே அவரை மைக் இடத்தில் நிறுத்தியது. 2024 முடிய நான்கு முறை, லீகில் அந்தந்த ஆண்டின் மிகச் சிறந்தவர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்திருக்கிறார். கல்லூரியில் ரிசீவர்களோடு ஓடிப் பழகியது ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. என்எஃப்எல் போகும் திசையில் அதுதான் முதலீடு. இந்த ஆறு பேரில் மிகச் சரியான பொருத்தம் என்று நான் கருதுவது இதைத்தான்.

ஸ்மித்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் சின்ன உடம்பு என்றார்கள், 2023 ஜனவரியில், சிகாகோவிடமிருந்து அவரை வாங்கியிருந்த பால்டிமோர் அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர் கொடுத்தது. எவன்ஸை நான்கு சீசனுக்குப் பிறகு டென்னசி விட்டுவிட்டது.

வாண்டர் எஷ்ஷை நினைத்தால் வருத்தம்தான். ஐடஹோவில் ரிக்கின்ஸ் என்ற சின்னஞ்சிறு ஊர். பள்ளியில் 11 பேர் தேறாததால் எட்டுப் பேர் ஃபுட்பால் ஆடியவர். பாய்சி ஸ்டேட்டில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து மேலே வந்தார். ரூக்கி ஆண்டிலேயே ப்ரோ பவுல். நெடிய உடம்பும் வேகமும் வாசிப்பும் ஒன்றாக அமைந்தவர். ஆனால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. 2024 மார்ச்சில், 28 வயதில் ஓய்வு பெற்றார். அதே 28 வயதில்தான் கரோலினாவின் லூக் கீக்லியும் 2020 ஜனவரியில் விலகினார், அவருக்குத் தலையில் பட்ட அடிகள். லெனர்டையும் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய வேகம் விட்டுப் போனது. உடம்பைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் அந்த உடம்புக்குள் நடப்பதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. "கொஞ்சம் கனம் ஏற்றினால் சரியாகிவிடும்" என்று ரசிகர்கள் சுலபமாகச் சொல்லும் அந்த ஐந்தாறு கிலோவை முட்டியும் கணுக்காலும் ஒவ்வொரு திருப்பத்திலும் சுமக்க வேண்டும்.

யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்ற கேள்வி இன்னும் பாக்கி. 2000-ல் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டத்தில் மொத்தம் 165 புள்ளி மட்டுமே கொடுத்தது, 16 ஆட்ட சீசனில் அதுவே சாதனை. அந்த அணியின் உயிர் ரே லூயிஸ், 1996-ல் 26-வதாக எடுக்கப்பட்டவர், அவரையும் அன்று சின்ன உடம்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் அவருக்கு முன்னால் டோனி சிரகூசா, சாம் ஆடம்ஸ் என்று ஆளுக்கு 150 கிலோவைத் தாண்டிய இரண்டு பேர் நின்றார்கள். எதிரணிக் கார்டுகள் அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நேரம் போக்க வேண்டியிருந்தது, லூயிஸ் யார் கையும் படாமல் பந்தை நோக்கிப் பறந்தார். லூயிஸின் மேதைமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. 107 கிலோ ரூக்கி ஒருவரை எடுக்கும் அணிக்கு முன்வரிசையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் அவர் எடையை மட்டும் பேசுவதில் பொருள் இல்லை.

முதல் ஆண்டை வைத்து ஒரு ரூக்கியை முடிவுகட்டுவதிலும் அவசரம் கூடாது. 2000-ல் ஒன்பதாவதாக சிகாகோ எடுத்த பிரையன் அர்லாக்கர் கல்லூரியில் சேஃப்டி, 6 அடி 4 அங்குலம். முதலில் அவரைச் சாம் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. நடுவில் இருந்தவருக்கு அடிபட்டதால் அங்கே மாற்றினார்கள், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாளர் ஆனார். பிறகு அங்கே பயிற்சியாளராக வந்த லவி ஸ்மித்தின் டாம்பா 2 அமைப்பில் நடு லைன்பேக்கர் பாஸ் வரும்போது திரும்பி ஆழமாக ஓடிக் களத்தின் நடுவைக் காக்க வேண்டும். முன்னாள் சேஃப்டிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கீக்லியும் 2012-ல் முதலில் ஓரத்தில்தான் நின்றார், ஜான் பீசனுக்கு அடிபட்ட பிறகே நடுவுக்கு வந்தார், அதே விருதையும் வாங்கினார். சாக் பான் காத்திருந்தது இன்னும் நீண்ட காலம். 2020-ல் மூன்றாம் சுற்றில் நியூ ஆர்லியன்ஸ் எடுத்து நான்கு ஆண்டு ஓரத்திலேயே வைத்திருந்தது. 2024-ல் பிலடெல்பியாவில் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை நடுவுக்குக் கொண்டுவந்தார். அந்த சீசனிலேயே ஆல்-ப்ரோ, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் வெற்றி. உடம்பு அதேதான், நின்ற இடம் மாறியது.

வரும் ஆகஸ்டில், கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்களில் உங்கள் அணியின் ரூக்கியைப் பார்க்கும்போது பந்தைப் பின்தொடராதீர்கள். பந்து கைமாறிய முதல் அரை விநாடியில் அவர் கால் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். பின்னால் ஒரு அடி வைத்துவிட்டு முன்னால் வருகிறாரா, நேராகவே கிளம்புகிறாரா? கார்டு வந்து மோதும்போது இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளுகிறாரா, தோளால் முட்டி அங்கேயே மாட்டிக்கொள்கிறாரா? பாஸ் என்று தெரிந்ததும் இடுப்பைத் திருப்பி ஓடுகிறாரா, பின்னங்காலாகவே தத்தளிக்கிறாரா? ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். பயிற்சியாளரின் குரல் காதில் கேட்கும் வானொலி அதில்தான் இருக்கும், தடுக்கும் அணிக்கு 2008 முதல் அனுமதி உண்டு. சீசன் நடுவில் ஒரு ரூக்கிக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள் என்றால், அவரைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் அவருடைய எடையைப் பற்றிய சண்டையை எப்போதோ முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.